அண்ணனுக்குக் கற்றுக்கொடுக்க முடியாத மூச்சு

பாரிசுக்கு வெளியே நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் பராமரிப்பாளர் ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் கையில் ஸ்பேனரோடு வந்து கதவைத் தட்டினார். இங்கே அவரைக் ‘கார்தியன்’ என்பார்கள். என் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் மதாம் ஒதெத்துக்குத் தினமும் விடியற்காலையில் வெந்நீர்க் குழாய் வழியாக ஒரு முரலும் சத்தம் கேட்கிறதாம். குழாயில் காற்று அடைத்திருக்க வேண்டும் என்று அவர் புகார் கொடுத்திருந்தார். கார்தியன் மண்டியிட்டு, சுவரோரம் இருந்த கணப்பின் மேல் காதை வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. “அது குழாய் இல்லை, நான்தான்” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். விளக்கிச் சொல்லும் அளவுக்கு என் பிரெஞ்சு அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. கட்டைவிரல்களால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு, வாயை மூடி, ‘ம்’ என்று நீளமாக மூச்சை விட்டுக் காட்டினேன். பிராமரி என்று இந்த மூச்சுப் பயிற்சிக்குப் பெயர். அவர் முகம் மாறிவிட்டது. “எங்கே வலிக்கிறது மதாம்? டாக்டரைக் கூப்பிடட்டுமா?” என்று தணிந்த குரலில் கேட்டார். வலி இல்லை, பயிற்சி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போனார். அதற்குப் பிறகு மதாம் ஒதெத் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் என் கையைத் தொட்டு, “வலி குறைந்ததா?” என்று கேட்கிறார். குறைந்தது என்று சொல்லிவிடுகிறேன். முழுப் பொய்யும் இல்லை அது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். புதுச்சேரிக்காரி பிரான்சுக்குப் போய் மூச்சு விடக் கற்றுக்கொண்டாளா என்று கேட்கலாம். உண்மை அதுதான். நான் பிறந்து வளர்ந்தது அரியாங்குப்பம். அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். கடலோரத் தெருக்களில் வெள்ளைக்காரர்கள் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். கடற்கரையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். நானும் என் தோழிகளும் எதிரில் நின்று அவர்களைப் போலவே மூக்கைப் பிடித்துக் காட்டிவிட்டு ஓடியிருக்கிறோம். அந்தத் தெருக்கள் வழியாகப் போனோமே தவிர, அங்கே உட்கார்ந்து மூச்சை எண்ண எங்களில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை. பிறகு நான் ‘சொல்தா வீடு’ ஒன்றில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரின் குடும்பத்தில், வாழ்க்கைப்பட்டுப் பிரான்சுக்கு வந்து சேர்ந்தேன். வந்து பதினேழு வருஷமாகிறது. ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவும் வேலை செய்கிறேன்.

மூச்சு என்று ஒன்று இருப்பதே அம்மா இறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அண்ணன் ஏழுமலை போனில் சொன்னார். அப்போது பிரான்சில் தங்குவதற்கான என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். பழைய அட்டை காலாவதியாகிவிட்டது, புதியது வரவில்லை, இடைக்காலத்துக்குத் தரும் சீட்டும் கைக்கு வரவில்லை. இந்த நிலையில் நாட்டை விட்டுப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று விசாரித்த இடத்தில் எல்லாம் சொன்னார்கள். குழந்தைகள் இரண்டும் சிறிசுகள். பிரான்ஸ் மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக் கட்டிக்கொடுத்த அம்மாவின் உடல் வீட்டில் கிடக்கும்போது, உங்கள் தங்கை ஓர் அட்டைக்காகக் காத்துக்கிடக்கிறாள் என்று அண்ணனிடம் எப்படிச் சொல்வது? “லீவு கெடைக்கலண்ணா” என்றேன். “சரி” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை.

அம்மாவின் காரியம் முடிந்த வாரத்தில், வேலைக்குப் போகும் ரயில் சுரங்கத்துக்குள் நின்றது. விளக்கு அணைந்து எரிந்தது. எனக்கு விரல் நுனியெல்லாம் மரத்து, காதுக்குள் இரைச்சல் ஏறி, மூச்சு பாதியிலேயே நின்றது. எவ்வளவு இழுத்தாலும் உள்ளே போகவில்லை. ரயில் நகர்ந்து அடுத்த நிலையத்தில் கதவு திறந்ததும் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஒரு வயதான பெண்மணி கீழே விழுந்தார். நின்று தூக்கிவிடக்கூட இல்லை. மருத்துவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பரிசோதித்துவிட்டு, “அங்குவாஸ்” என்றார். இதயத்தில் ஏதோ ஒரு பகுதியின் பெயர் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கணவரிடம், “அங்குவாஸ் கெட்டுப்போச்சாம், ஆபரேஷன் செய்வாங்களா?” என்று கேட்டேன். அவர் வெகுநேரம் சிரித்தார். அங்குவாஸ் என்றால் மனக்கலக்கம், பயம். சிரித்து முடித்துவிட்டு, “பயத்துக்கு யாராவது டாக்டர்கிட்ட போவாங்களா?” என்றார். அதன் பிறகு ரயிலில் ஓடியது, வேலையிடத்தில் குளிர்பதன அறைக்குள் போகப் பயந்தது, எதையும் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் பேருந்து மாறி மாறி வேலைக்குப் போனேன்.

நகரமன்றக் கூடத்தில் மூச்சுப் பயிற்சி வகுப்பு நடப்பதைப் பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்திதான் சொன்னாள். நடத்தியவர் மிரேய், தபால் இலாகாவில் வீடு வீடாகக் கடிதம் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் புதுச்சேரி என்றதும் எழுந்து நின்று கைகூப்பினார். “உங்களுக்கு நான் என்ன சொல்லித்தரப் போகிறேன்? நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும்” என்றார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது என்றேன். அடக்கத்தில் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது வகுப்பில் நான் மூக்கின் தவறான பக்கத்தை மூடியபோதுதான் மிரேய்க்கு உண்மை புரிந்தது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் விரலை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தார். வலது துளையைக் கட்டைவிரலால் மூடி இடதில் நாலு எண்ணி இழுப்பது, இடதை மோதிரவிரலால் மூடி வலதில் எட்டு எண்ணி விடுவது. பிறகு அதே பக்கம் இழுத்து மறுபக்கம் விடுவது. அவ்வளவுதான். இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், முழுதாக விட்டால் அடுத்தது தானாக வரும் என்பார். அதுவரை நான் மூச்சை இழுக்கத்தான் போராடிக்கொண்டிருந்தேன். விடுவது ஒரு வேலை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஏழு வருஷமாகத் தினமும் காலையில் அரை மணி நேரம் செய்கிறேன். அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஊரைப் பற்றிய ஏக்கம் குறையவில்லை. அம்மாவுக்குப் போகாதது போகாததுதான். ஆனால் பயிற்சி தொடங்கிய எட்டாவது மாதத்தில் மறுபடி ரயில் ஏறினேன். சுரங்கத்தில் ரயில் நின்றது, விரல் மரத்தது, நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். பயம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டதுதான் எனக்குக் கிடைத்த பலன். அது விரல் நுனியில் தொடங்கும், காதுக்கு ஏறும், பிறகுதான் நெஞ்சுக்கு வரும். விரலில் இருக்கும்போதே நீளமாக மூச்சை விட ஆரம்பித்தால் நெஞ்சுக்கு வருவதற்குள் வேகம் குறைந்துவிடும். குழந்தைகள் மேல் எரிந்து விழுவதும் குறைந்தது. விடியும்வரை புரண்டு படுத்தவள் தூங்க ஆரம்பித்தேன். இவ்வளவு செய்த மூச்சு எல்லோருக்கும் எல்லாம் செய்யும் என்று நம்பிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

அண்ணன் இருபத்தைந்து வருஷம் வீடுகளுக்கு டைல்ஸும் கிரானைட்டும் அறுத்துத் தரை போட்டவர். மிஷின் சுழலும்போது வெள்ளைப் புகை மாதிரி கல்தூசு கிளம்பும். மூக்கில் ஒரு கைக்குட்டை கட்டுவார், சில நாள் அதுவும் கட்டமாட்டார். இரண்டு வருஷம் கழித்து அவர் மறுபடி பேச ஆரம்பித்தபோதே இருமல் இருந்தது. போன வருஷம் போனில் ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்துச் சொல்ல ஆரம்பித்தார். அண்ணி தேவகி போனை வாங்கி, “கல்தூசு நொரையீரல்ல போய் இறுகிப்போச்சாம் கொடி. வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போயேன்” என்றார். பூங்கொடி என்ற என்னைக் கொடி என்று கூப்பிட உலகத்தில் அப்போது இரண்டு பேர்தான் மீதம் இருந்தார்கள். இந்தத் தடவை எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. மூன்று மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அண்ணன் கட்டிலில் இரண்டு தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின். மேல்சட்டை இல்லாத உடம்பில் ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி பள்ளமாக உள்ளே போனது. “வா” என்றார். கொஞ்சம் பொறுத்து, “எளச்சிட்ட” என்றார். அவர் என்னைச் சொன்னார். நான் வெளியே போய்க் கையைக் கழுவுகிற மாதிரி குழாயடியில் நின்று அழுதேன்.

அண்ணி விடியற்காலையில் பெரிய மார்க்கெட்டுக்கு மீன் விற்கப் போய் மதியம்தான் திரும்புவார். காலை முழுவதும் நானும் அண்ணனும்தான். நாலாம் நாள் நான் ஆரம்பித்தேன். “அண்ணா, ஒரு மூச்சுப் பயிற்சி சொல்லித்தரேன், செய்யறியா?” என்றேன்.

“மூச்சு வுடறதுக்கா... பிரான்சுக்குப் போன?” என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அடங்கியதும், “அந்தக் கடற்கரத் தெருவுல... பாதி வூட்டுக்கு... நான்தான் கல்லறுத்துப் போட்டன். அதும் மேல ஒக்காந்துதான்... எல்லாரும் இத்த செய்றாங்க. சரி, சொல்லு” என்றார். எனக்காகத்தான் சம்மதித்தார். குழாயோடே மூக்கின் ஒரு பக்கத்தை மூடி இழுக்கச் சொன்னேன். விடச் சொன்னேன். நன்றாகத்தான் போனது. எனக்கு ஆசை மிஞ்சியது. “இப்ப உள்ளார கொஞ்சம் புடிச்சு வெச்சுக்கோ, நாலு எண்ற வரிக்கும்” என்றேன். அவர் பிடித்தார். மூன்று எண்ணுவதற்குள் கண் பிதுங்கி, உடம்பு தூக்கிப் போட்டது. இருமி இருமி உதடு கருநீலமாகிவிட்டது. நான் முதுகைத் தடவிக்கொண்டு அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று மீன் சீக்கிரமே விற்றுத் தீர்ந்ததால் அந்த நேரத்துக்கு வந்த அண்ணி கூடையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தார். மிஷினைக் கூட்டி வைத்தார். அண்ணனுக்கு நிறம் திரும்பிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“இன்னா பண்ண அவர?”

சொன்னேன்.

“உன் வித்தயெல்லாம் அங்கியே வெச்சுக்கடி. இருக்கற நாளயாவது நான் அவரோட இருந்துக்கறேன்.”

வாசலில் கிடந்த கூடையை எடுத்து உள்ளே வைத்தேன்.

மறுநாள் அண்ணியோடு போன கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக இருந்தது. இது திரும்பாது என்றார். நான் செய்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “மூச்சை அடக்கவே கூடாதும்மா. உதட்டைக் குவிச்சு, விளக்கை அணைக்காம ஆட்டற மாதிரி, மெதுவா வெளிய விடச் சொல்லுங்க. அதுவும் அவருக்கு முடிஞ்ச அளவு. குணமாகாது, ஆனா தவிப்பு கொஞ்சம் குறையும்” என்றார். ஏழு வருஷம் எனக்கு நல்லது செய்த ஒன்று அவரைக் கொல்லப் பார்த்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு எதையும் சொல்லித்தர நான் வாய் திறக்கவில்லை. என் முரலும் பயிற்சியை மட்டும் காலையில் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். ஒரு வாரம் கழித்து அவரே, “கதவத் தொறந்து வெச்சே செய்யி. சத்தம்... நல்லாத்தான் இருக்குது” என்றார். “எப்படிண்ணா இருக்குது?” என்று கேட்டேன். “எங்கியோ... தூரத்து வூட்டுல... கல்லறுக்கறாப்ல” என்றார். அதற்கு மேல் அன்று என்னால் அந்தச் சத்தத்தை எழுப்ப முடியவில்லை.

இரண்டாவது மாதம் ஒரு முற்பகலில் கரண்ட் போனது. மிஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. அண்ணி மார்க்கெட்டில் இருந்தார். அறை மூலையில் அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் இருந்தது. திறக்கும் விதத்தை அண்ணி ஒரு தடவை காட்டியிருந்தார். அண்ணன் கட்டில் விளிம்பில் குனிந்து, முழங்காலில் கையூன்றி, வாயைத் திறந்து காற்றைத் தேடினார். என்னைப் பார்த்தார். எனக்கு விரல் மரத்தது. சிலிண்டரைத் திருகும் சாவியை எடுத்தேன், கையில் நிற்காமல் கீழே விழுந்தது. காதில் இரைச்சல். யாரையாவது கூப்பிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே நான் வாசல்படிவரை போய்விட்டேன். யாரையும் கூப்பிடப் போகவில்லை. ஓடத்தான் போனேன். எனக்குத் தெரியும், அது அந்த ரயில் கதவுதான்.

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சை முழுதாக வெளியே விட்டேன். இன்னொன்று. மூன்றாவது விடும்போது விரல்களில் உணர்ச்சி வந்தது. திரும்பிப் போய்ச் சாவியை எடுத்து இடது பக்கம் திருகினேன். சீறிக்கொண்டு காற்று வந்தது. மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்துப் பட்டையை மாட்டினேன். ஆம்புலன்சுக்குப் போன் செய்து விலாசத்தைத் திக்காமல் சொன்னேன். பிறகு அவர் எதிரில், முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, உதட்டைக் குவித்து அவருக்குக் கேட்கும்படி மெதுவாக ஊதினேன். எதுவும் சொல்லவில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் ஊத ஆரம்பித்தார். வண்டி வரும்வரை இருவரும் ஊதிக்கொண்டே இருந்தோம்.

ஆஸ்பத்திரி வார்டில் மூன்றாம் நாள் மதியம், அண்ணி சாப்பாடு வாங்கப் போயிருந்தபோது அண்ணன் கண்ணைத் திறந்தார்.

“அன்னிக்கு... வாசப்படி வரிக்கும் போயிட்ட.”

“ஆமாண்ணா. பயந்துட்டேன்.”

“போயிட்டன்னுதான்... நெனச்சேன்.”

“திரும்பிட்டேன் இல்ல.”

“உம்.” நாலைந்து மூச்சு விட்டார். “அம்மாவுக்கு... ஏன் வர்ல?”

ஒன்பது வருஷம் கழித்து அட்டையைப் பற்றிச் சொன்னேன். லீவு என்று சொன்னது பொய் என்றேன். வீட்டு மானம் என்று நினைத்து மறைத்ததைச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டாரா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

“சொல்லியிருக்கலாமில்ல” என்றார் கடைசியில். “ஒம்போது வருசமா... உன்ன மனசுக்குள்ள... திட்டிக்கினே இருந்தனே.”

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணி சாப்பாட்டோடு வந்து, எங்களைப் பார்த்துவிட்டு மூன்று தட்டில் சோற்றைப் பிரித்தார்.

அதற்குப் பதினொரு நாள் கழித்து, வெயில் தாழ்ந்த நேரத்தில் அண்ணன் போனார். ஒரு கையை அண்ணி பிடித்திருந்தார். நான் கால் பக்கம் இருந்தேன். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. உள்ளே வந்தது, வெளியே போனது. அடுத்ததற்காக நானும் அண்ணியும் காத்திருந்தோம். அம்மாவிடம் இல்லாமல் போனவள் இவரிடமாவது இருந்தேன். கண்ணை மூடாமல், வெளியே ஓடாமல் இருந்தேன். தினமும் மூச்சை எண்ணி என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்ல முடியும். இதைப் பெரிய பலன் என்று எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

காரியம் முடிந்து நான் கிளம்பும்போது அண்ணி, “நீ இருந்தது நல்லதாப் போச்சு” என்றார். அவ்வளவுதான் பேசினார். திரும்பி வந்த பிறகு பல வாரம் என்னால் பயிற்சிக்கு உட்காரவே முடியவில்லை. மூச்சை முழுதாக விட்டதும் அடுத்தது வருவதற்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் உண்டு. முன்பெல்லாம் அங்கே அமைதி இருந்தது. இப்போது அங்கே போனதும் அந்த வார்டும் நாங்கள் காத்திருந்ததும் வந்துவிடுகின்றன. இருந்தாலும் உட்கார்கிறேன். உட்காராத நாட்கள் அதைவிட மோசமாக இருக்கின்றன.

குளிர் தொடங்கியதும் ஒரு நாள் அண்ணி கூப்பிட்டார். “தூக்கமே வர்ல கொடி. நெஞ்சு மேல யாரோ ஒக்காந்துக்கினு இருக்காப்ல இருக்குது. அன்னிக்கு உன்னத் திட்டினனே, அத்த எனக்கு சொல்லிக்குடு” என்றார். மூச்சை அடக்குவதெல்லாம் வேண்டாம், மெதுவாக விடுவது மட்டும் போதும் என்றேன்.

இப்போது வாரத்தில் மூன்று நாள், அண்ணி மார்க்கெட்டுக்குப் போகாத நாட்களில், போனில் செய்கிறோம். எனக்கு மணி ஆறு, வெளியே இருட்டு, ஜன்னல் கண்ணாடியில் உறைபனி. அவருக்குப் பத்தரை. காக்கை கத்துவதும், பக்கத்து வீட்டில் அம்மியில் அரைப்பதும் எனக்குக் கேட்கும். “இழுங்க அண்ணி” என்பேன். “விடுங்க” என்பேன். குரல் கடலைத் தாண்டிப் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகிறது. நான் விடும்போது அவர் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறார். அவர் விடும் சத்தம் என் காதுக்கு வரும்போது நான் அடுத்ததை இழுத்தாகிவிட்டது. அவருக்காக நின்று பார்த்தேன், அவரும் எனக்காக நின்று பார்த்தார், அப்போதும் சேரவில்லை. இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, ஒருவர் அரியாங்குப்பத்திலும் ஒருவர் இங்குமாக, ஒன்றாகவே செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு முன்னும் பின்னுமாக மூச்சு விடுகிறோம்.